யாழ் நகரின் ஏட்டில் ஏறாத கதைகள்

(வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



யாழ்ப்பாணத்து வரலாறு என்றவுடன் நாம் நல்லூர் மன்னரிலே தொடங்குவோம். 1619இல் பறங்கியர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று விரல் மடக்கி எண்ணி முடிப்போம். கோட்டை கைமாறிய கதையே நகரின் கதை என்று எண்ணப் பழகிவிட்டோம். கோட்டை மதிலுக்கு வெளியே, கடைத்தெருவிலும் வாடகை அறையிலும் நடந்தவற்றைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. அவற்றுட் சிலவற்றை இன்று சொல்ல முன்வந்துள்ளோம். வழக்கறிஞரும் ஆசிரியரும் மருத்துவரும் ஒருபுறம், தோட்டத்திலிருந்து நேரே வந்த கமக்காரர் மறுபுறமாக அமர்ந்திருக்கின்றீர்கள். இரு சாராருக்கும் இதிலே வேலையுண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலில் யானைக் கதை. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணப் பகுதிக்குப் பெரும் வருமானந் தந்தவற்றுள் யானை ஒன்று என்றால் நம் இளைஞர் நகைப்பர். குடாநாட்டிலே காடேது, யானையேது? வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள், கடனீரேரியின் ஆழங் குறைந்த இடத்தைக் கடந்து இங்கு கொண்டுவரப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயரே அதற்குச் சாட்சி. ஊர்காவற்றுறையிலே அவை கப்பலேறின. கோல்கொண்டாவுக்கும் வங்காளத்துக்கும் சென்றன. வன்னியர் தம் திறையையே யானையாகச் செலுத்தவேண்டியிருந்தது. அவர்கள் ஆண்டுதோறும் நிலுவை வைத்ததும், ஒல்லாந்த அதிகாரிகள் அதற்காகச் சினந்ததும் ஒல்லாந்தர் ஏடுகளிலே காணப்படுகின்றன. நிலுவை வைப்பதில் நம்மவர் அன்றே கைதேர்ந்தவர் போலும்! யாழ்ப்பாணத் தளபதியாயிருந்த சுவார்தகுரூன் என்பார், தாம் இல்லாத வேளையில் நிருவாகம் நடத்துவோருக்கென 1697இல் எழுதிவைத்த நீண்ட குறிப்பிலே யானையும் சாயவேரும் பனைமரமும் வரியும் விரிவாகப் பேசப்படுகின்றன.

ஆயின், அந்த யானைகளுக்குத் தீனி வெட்டியவன் எவன்? கோட்டை மதிலுக்குக் கல் சுமந்தவன் எவன்? ஊழியம் என்ற பெயரிலே கூலியின்றி வேலைசெய்த அக்குடிமகன் ஆள்தொகைக் கணக்கில் ஓர் எண்ணாகவே நிற்கின்றான். அவன் வாய்ச்சொல் ஒன்றுகூட அவ்வேடுகளில் ஏறவில்லை. எழுதியவர் ஆண்டவர், ஆதலால் ஆண்டவரின் கவலைகளே எஞ்சின.

இதே நிலைமை இருநூறு ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை என்பதற்கு ஒரு சவுக்குக் கதை உண்டு.

1905 சனவரியிலே கேம்பிரிட்சிற் கற்ற ஓர் ஆங்கில இளைஞர் அரசாங்க உத்தியோகத்தராக இந்நகருக்கு வந்தார். பெயர் லியோனாட் வூல்ஃப். ஒரு நாயையும், வொல்தேயர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூற்றொகுதிகள் தொண்ணூறையும் இலங்கைக்குக் கொண்டுவந்தவர் அவர். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902 மார்ச்சு மாதத்திலேயே புகைவண்டி ஓடத் தொடங்கிவிட்டது. எனினும் வன்னிக்கூடாகப் பாதை முற்றாகி, கொழும்புடன் நாம் இணைந்தது 1905 ஓகஸ்டிலேதான். ஆகவே அவ்விளைஞர் அனுராதபுரத்துக்கு அப்பால் மாட்டு வண்டியிலே, தபால் மூட்டைகளின்மேற் படுத்தபடி காட்டைக் கடந்தார்.

அவர் இங்கிருந்த காலத்தில் ஒருநாள், அரசாங்க அதிபரும் அவரும் குதிரையேறிப் பிரதான வீதி வழியே சென்றனர். வீதி எல்லையைத் தாண்டிக் கட்டப்பட்டிருந்த ஒரு விறாந்தையை வூல்ஃப் தமது சவுக்கினாற் சுட்டிக் காட்டினார். அவ்வேளை வண்டியிலே வந்துகொண்டிருந்த நகரத்து வழக்கறிஞர் ஒருவரின் முகத்திலே அவர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தாரென முறைப்பாடு எழுந்தது. தமிழ்ப் பிரமுகர்களின் சங்கம் அதனைத் தேசாதிபதி வரை கொண்டுசென்றது. விளக்கங் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தாம் அடிக்கவில்லை என்றே வூல்ஃப் எழுதினார். இறுதிவரை அவ்வாறே கூறினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதனை நாம் இங்கே எடுத்திரோம். 1912இலே பதவி துறந்த அம்மனிதர், முதுமையில் எழுதி 1961இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலொன்றிலே இதற்கு மீண்டும் வருகின்றார். சவுக்கு முகத்திற் படவில்லை என்று அங்கும் சாதிக்கின்றார். ஆனால், பிறருடைய நகரின் நடுத்தெருவிலே செருக்குடன் குதிரைமேல் வீற்றிருந்ததே அவர்களை அறைந்ததற்கு ஒப்பாகும் என்றும், அவ்வகையில் முறைப்பட்டோர் பக்கம் நியாயம் இருந்தது என்றும் ஒப்புக்கொள்கின்றார். ஆட்சித் தொழிலிலே தமக்கிருந்த நம்பிக்கை தளர்ந்ததற்கும் இதனை ஒரு காரணமாகக் காண்கின்றார். யாழ்ப்பாணத்தார் சிலர் மைதொட்டு எழுதிய ஒரு மனு, பேரரசின் ஊழியர் ஒருவரின் நெஞ்சை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உறுத்தியிருக்கின்றது!

இதிலே நமக்குப் பெருமையும் உண்டு, நாணமும் உண்டு. இச்சம்பவத்தை உலகம் அறிவது குதிரைமேல் இருந்தவரின் நூலினாலேயேயன்றி, வண்டியில் இருந்தவரின் எழுத்தினால் அன்று. வூல்ஃப் மனச்சாட்சி உடையவராய் வாய்த்தமை நம் நற்பேறு. வேறொருவராயின் இந்த மனுவைப்பற்றி ஒரு வரியும் எழுதியிரார்.

இனி, நம்மவரே தொடங்கி, நம்மவரே எழுதியும் வைத்த ஒன்றைச் சொல்வோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959 ஒக்ரோபர் 11ஆந் திகதி மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவினாற் திறந்துவைக்கப்பட்டது என்பதைப் பலர் அறிவர். 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய கொடுஞ்செயலிலே அது எரிக்கப்பட்டதையும், ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பரானதையும் அறியாதார் இலர். அந்த நெருப்பை நாம் மறக்கவில்லை, மறக்கவும் ஒண்ணாது. ஆனால் நெருப்பை நினைவில் வைத்த நாம் விதையை மறந்துவிட்டோம்.

நீதிமன்ற உத்தியோகத்தரான க. மு. செல்லப்பா என்பார் 1933இலே தமது இல்லத்திலேயே நூல்களை வைத்து இலவசமாக இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவர் பெருந்தனவந்தர் அல்லர். அரசியற் பதவி எதனையும் நாடியவரும் அல்லர். அவ்வாண்டின் இறுதியிலே, யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் வேண்டும் என்று வேண்டுகோள் ஒன்றை எழுதி அச்சிட்டு ஊரெங்கும் அனுப்பினார். 1934 யூன் மாதத்திலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கூட்டங் கூடிற்று, குழு அமைந்தது. திரட்டிய பணம் 1184 ரூபா 22 சதம். அந்த இருபத்திரண்டு சதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆயிரங்களை ஒரே கையால் அள்ளி வைத்த கொடையிற் சதக்கணக்கு வராது. சில்லறையாகச் சேர்ந்த பணத்திலேதான் அது வரும்.

1934 ஓகஸ்டு முதலாந் திகதி, ஆசுபத்திரி வீதியிலே மாதம் 25 ரூபா வாடகைக்குப் பெற்ற ஓர் அறையிலே, 844 நூல்களுடனும் சில பத்திரிகைகளுடனும் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே அது நகரசபையின் பொறுப்பாயிற்று. பிற்காலத்திலே உயர்ந்த வெண்மாளிகையின் வித்து அந்த வாடகை அறையே. இவ்விவரங்களை இன்று நாம் நாள் தவறாது கூற முடிகின்றதெனில், அன்றைய குழுவினர் வேண்டுகோளை அச்சிட்டனர், வரவு செலவைச் சதம் பிசகாது குறித்தனர் என்பதே காரணம். தளபதி ஒருவரின் கருணையாலோ, துரை ஒருவரின் மனச்சாட்சியாலோ நமக்குக் கிடைத்த வரலாறன்று இது.

நாம் முன்னர் கூறிய வேலை இதுதான். கமக்கார அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்திலே பழைய உறுதிகள் உள்ளன. ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர். எல்லை, இலாச்சம், கிணற்றிற் பங்கு, வழி வாய்க்காற் பங்கு எல்லாம் அதிலே உண்டு. வரைபடத்தில் இல்லாத குளத்தின் பெயரும், இன்று எவரும் அழைக்காத ஒழுங்கையின் பெயரும் அங்கே உறங்குகின்றன. காணி விற்றபின் வேண்டாப் பொருளென்று அவற்றை அடுப்பில் இடாதீர்கள். புகையிலை விற்ற கணக்குக் கொப்பியும் அவ்வாறே. வழக்கறிஞர்களே, நொத்தாரிசுமாரே, உங்கள் முன்னோரின் அலுமாரிகளிலே கறையான் அரிப்பது வெறுங் கடதாசியன்று. பிறநாடுகளுக்குச் சென்ற பிள்ளைகளின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் இருப்பவை ஒவ்வொரு மாரியிலும் நனைகின்றன.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு கடதாசியேனும் கொண்டுவாருங்கள். மூலத்தை எவரும் நமக்குத் தரவேண்டியதில்லை. வாசலிலே ஒரு மேசை போடுவோம். படம் பிடிக்க இரண்டு இளைஞர் இருப்பார்கள். பழைய கையெழுத்தை வாசிக்க இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இசைந்துள்ளார். படம் எடுத்த கையோடு மூலத்தை உங்களிடமே தந்துவிடுவோம். கூட்டம் வழமைபோல் மாலை நான்கு மணிக்கு. மேசை மூன்று மணிக்கே போடப்படும்.