மன்னிப்பு மட்டும் போதுமா?



தண்டனைக் காலம் முடிந்து ஒருவர் சாங்கி சிறைச்சாலையை விட்டு வெளியே வருகிறார். சட்டம் விதித்த கணக்கு அன்றோடு தீர்ந்தது. ஆனால் வேலை கேட்டுப் போகும் இடத்தில் பழைய கதை கிளறப்படுகிறது. வாடகைக்கு அறை கேட்டால் தயக்கம். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு வருவதில்லை. சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம் இதைத்தான் 'இரண்டாவது சிறை' என்று அழைக்கிறது. இந்தச் சிறையின் சாவி அதிகாரிகளிடம் இல்லை. அக்கம்பக்கத்தாரிடமும் முதலாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் இருக்கிறது.

கிறிஸ்தவ சமயத்தில் 'கிருபை' என்றொரு சொல் உண்டு. உழைப்புக்குத் தருவது கூலி. தகுதிக்குத் தருவது பரிசு. இவ்விரண்டும் இல்லாதவருக்கு அன்பினால் தரப்படுவதே கிருபை. தேவாலயத்தில் இச்சொல்லைக் கேட்கும்போது மனம் குளிர்கிறது. சிறையிலிருந்து வந்தவர் அதே தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் வந்து அமரும்போதும் அப்படியே குளிர்கிறதா? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

பைபிளின் புதிய ஏற்பாட்டில் ஒரே அதிகாரம் கொண்ட சின்னக் கடிதம் ஒன்று உள்ளது. பவுல் சிறையில் இருந்தபடி பிலேமோன் என்ற செல்வந்தருக்கு எழுதியது. பிலேமோனின் அடிமையான ஒநேசிமு அவரைப் பிரிந்து போயிருந்தான். சிறையில் இருந்த பவுலிடம் வந்து மனம் மாறினான். அவனைத் திருப்பி அனுப்பும் பவுல், 'பாவம், மன்னித்துவிடு' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளவில்லை. அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் ஏதாவது நஷ்டம் உண்டாக்கியிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதச் சொல்கிறார்.

கிருபை என்பது வெறும் வாய்வார்த்தை அல்ல என்பது இங்கே புலப்படுகிறது. திரும்பிப் போகும் துணிவு ஒருவருக்கு வேண்டும். கதவைத் திறக்கும் மனம் இன்னொருவருக்கு வேண்டும். இருவருக்கும் நடுவே, 'இவருக்கு நான் பொறுப்பு' என்று சொல்ல மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். சிறையிலிருந்து வருவோர் பலருக்குக் கிடைக்காதவர் அந்த மூன்றாவது ஆள்தான்.

அப்படிப் பொறுப்பேற்றவர்கள் உண்டு. அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்த சார்ல்ஸ் கோல்சன், 1974ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் உள்ளே இருப்பவர்களை மறக்காமல், 1976ல் கைதிகளுக்கான கிறிஸ்தவ ஊழியம் ஒன்றைத் தொடங்கினார். அதில் இணைந்த மேரி கே பியர்ட் என்பவரும் முன்னாள் கைதிதான். கைதிகளின் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுக்கும் திட்டத்தை அவர் 1982ல் ஆரம்பித்தார். பரிசு யார் பெயரில் போகிறது தெரியுமா? கொடுத்தவர் பெயரில் அல்ல, சிறையில் இருக்கும் அப்பா அல்லது அம்மாவின் பெயரில்!

சிங்கப்பூரிலும் 1983ல் பிரேக்த்ரூ மிஷன்ஸ், 1987ல் ஹெல்ப்பிங் ஹேண்ட் போன்ற கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லங்கள் தோன்றின. ஹெல்ப்பிங் ஹேண்டில் ஜெபம் உண்டு. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் வேலையும் உண்டு. முன்னாள் போதைப் புழங்கியான பென்னி சே தியோ 2007ல் 'எய்ட்டீன் செஃப்ஸ்' உணவகத்தைத் தொடங்கி, சிறை சென்று திரும்பியவர்களுக்கு வேலை கொடுத்தார். இந்தப் பணி ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமமும் முஸ்லிம் அமைப்புகளின் இல்லங்களும் இதையே செய்து வந்திருக்கின்றன.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். 'பாதிக்கப்பட்டவர் கதி என்ன? திருடியவனுக்கு வேலை, பறிகொடுத்தவனுக்கு என்ன?' சகேயுவின் கதை இதற்குப் பதில் தருகிறது. மக்களிடம் பணம் பறித்த வரி வசூலிப்பாளன் அவன். ஊரே முகம் சுளிக்க, இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். அதன் பிறகே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சகேயு சொன்னான். கிருபை முதலில் வந்தது, ஈடு அதைத் தொடர்ந்து வந்தது. கிருபை குற்றத்தை மூடி மறைப்பதில்லை. செய்ததைச் சரிசெய்யும் மனத்தை அது உண்டாக்குகிறது.

மன்னிப்பும் நம்பிக்கையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. மன்னிப்பை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் வளரும். பணத்தைக் கையாடியவரிடம் முதல் மாதமே கல்லாப்பெட்டியை ஒப்படைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேறொரு வேலை கொடுக்கலாமே! சிங்கப்பூர்ச் சட்டமும் இந்தப் படிமுறையைத்தான் பின்பற்றுகிறது. 2005ல் வந்த திருத்தத்தின்படி, சிறு குற்றம் செய்தவர் ஐந்தாண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவரது குற்றப்பதிவு காலாவதியானதாகக் கருதப்படும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டா? சிங்கப்பூரில் 1998ல் விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டே ஆண்டுகளில் மீண்டும் சிறைக்குத் திரும்பினர். அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவராகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்த்தால் மூவரில் ஒருவருக்கும் மேல் திரும்பிப் போகிறார்கள். முதல் வாரம் கைகுலுக்கி வரவேற்பது எளிது. மூன்றாம் ஆண்டிலும் தொலைபேசியில் கூப்பிட்டு 'சாப்பிட்டீர்களா?' என்று விசாரிக்கும் ஒருவர் வேண்டும்.

கெட்ட குமாரனின் உவமையில், வீடு திரும்பிய மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். ஒழுங்காக உழைத்த மூத்த மகனோ கோபத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிறான். அவன் கோபத்திலும் நியாயம் உண்டு. அதனால்தான் தகப்பன் அவனையும் தேடி வெளியே வந்து அழைக்கிறான். அண்ணன் உள்ளே போனானா, இல்லையா? உவமை அதைச் சொல்லவில்லை. முதலாளிகளும் சபையாரும் அண்டை வீட்டாரும் சொல்ல வேண்டிய பதில் அது.