திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

(தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சின்ன கணக்கு கேக்குறேன். திருச்சி விமான நிலையத்துல நின்னுக்கிட்டு மேற்கே பார்த்தா கோவை. தென்கிழக்கே பார்த்தா யாழ்ப்பாணத்துப் பலாலி. வான்வழியில எது பக்கம்?

ரெண்டும் ஒண்ணுதான்! ஏறத்தாழ 185 கிலோமீட்டர். நம்பாதவங்க கைபேசியில வரைபடத்தைத் திறந்து கோடு போட்டுப் பாருங்க. கோயம்புத்தூர்ல பொண்ணைக் கொடுத்தா "பக்கத்துலதானே" என்கிறோம். யாழ்ப்பாணம்னா மட்டும் அது எட்டாத தேசம்!

யார் எட்டாமப் பண்ணினது? பலாலி ஓடுதளம் ரெண்டாம் உலகப் போர் காலத்திலேயே போட்டது. ஆனா உள்நாட்டுப் போர் வந்ததும் அது ராணுவ வேலிக்குள்ள போயிடுச்சு. யாழ்ப்பாணத்து அம்மா திருச்சிக்கு வரணும்னா, பஸ்சுல தெற்கே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் கொழும்புப் பக்கம் போய், கட்டுநாயக்கவுல விமானம் ஏறி, திரும்ப வடக்கே பறந்து வரணும். காதைச் சுத்தி மூக்கைத் தொட்ட கதை.

2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமானது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. திருச்சி விமானம் 2025 மார்ச் 30 முதல்.

இப்போ இன்னொரு கேள்வி வரும். ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகுமே, 185-க்கு 22 நிமிசம்தானே, ஏன் ஒரு மணி நேரம்னு போட்டிருக்கான்? நியாயமான கேள்வி. ஓடுதளம் வரை ஊர்ந்து போகணும், மேலே ஏறணும். முழு வேகம் பிடிச்சுக் கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிக்கணும். பாதையும் நேர்கோடு கிடையாது. அதெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி நேரம். அதுல எனக்குக் குறை இல்ல.

குறை தரையில இருக்கு! பறக்கிறது ஒரு மணி நேரம், அதுக்கு முன்னாடி விமான நிலையத்துல காத்துக் கிடக்கிறது ரெண்டு மூணு மணி நேரம். சாவு வீட்டுக்குப் போறவனுக்கு அந்த நேரம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

"அப்போ ஓடுதளத்தை நீட்டிப் பெரிய விமானம் விடலாமே?"ன்னு நம்ம தம்பிகளே கேக்குறாங்க. விடலாம். ஆனா அந்த வேலிக்கு வெளியே 1990-ல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் தங்கள் காணியைக் கேட்டு நிக்குது. நம்ம வசதிக்காக அவங்க காணி இன்னொரு தடவை போகக் கூடாது. இதுல நாம தெளிவா இருக்கணும்.

இந்த விமானத்தில் போய் வந்தவங்க கீழே எழுதுங்க: டிக்கெட் என்ன விலை, பெட்டி எத்தனை கிலோ விட்டாங்க, வரிசையில எவ்வளவு நேரம் நின்னீங்க, வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசலுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம். அந்தக் கணக்கை வச்சுத்தான் மனு எழுதப் போறோம்.