சிறுநீரக மாற்றும் பற்சுகமும்



சிறுநீரகம் மாற்றப்போகும் நோயாளியைப் பல் வைத்தியரிடம் அனுப்புகிறார்கள் என்றால், வயிற்றுக்குள் நடக்கும் காரியத்துக்கும் வாய்க்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவே செய்வர். அக்கேள்விக்கு விடை கூறுவதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், டொக்டர் யோசப் மறே என்பவர் ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். உருவொத்த இரட்டையராதலின், பெற்றவருடைய உடல் அதனை அந்நியமென்று தள்ளவில்லை. எல்லாருக்கும் இரட்டைப் பிறவி வாய்ப்பதில்லையே! பிறர் கொடுத்த உறுப்பை உடலின் காவற்படை பகையெனக் கண்டு தாக்கும். அப்படையை அடக்கிவைக்கும் குளிசைகளை, மாற்றுச் சிறுநீரகம் வேலைசெய்யும் காலமெல்லாம் விழுங்கவேண்டும். இங்கேதான் பல் வருகின்றது. சிறுநீரகத்தைத் தாக்காதபடி கையைக் கட்டிவைத்த காவலன், சூத்தைப் பல்லின் அடியிலே ஒளிந்திருக்கும் கிருமியை எதிர்க்கவும் வலுவற்றவனாகிறான். மாதக் கணக்காகச் சத்தமின்றிக் கிடந்த சீழ், அப்போது இரத்தத்தில் ஏறி உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

எமது அயலில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஒரு தாய் தன் மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்க இசைந்தார். பரிசோதனைகள் முடிந்து நாளும் குறித்தாயிற்று. அந்த வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல், கன்னத்தில் வீக்கம். கடைவாய்ப் பல்லொன்று வெகு நாளாய் நொந்துகொண்டிருந்ததாம். பெரிய வருத்தத்துக்குள் இந்தச் சின்ன வருத்தத்தை ஆரிடம் சொல்லுவது என்று அவன் இருந்துவிட்டான். சத்திரசிகிச்சை தள்ளிப்போயிற்று. பல்லைப் பிடுங்கி, புண் ஆறி, மறுபடி ஒரு நாள் கிடைக்கும்வரை அந்தத் தாய் பட்ட பாட்டை நாம் கண்டோம். "ஒரு பல்லுக்காகவோ, தம்பி?" என்று எம்மிடமே பலமுறை கேட்டார்.

ஆகவே, மாற்று வேண்டுமென்று வைத்தியர் சொன்னவுடனே வாயையும் காட்டிவிடவேண்டும். காக்கக்கூடிய பல்லை அடைத்து, கூடாததைப் பிடுங்கி, முரசோரம் படிந்த காறையைச் சுரண்டி எடுப்பார்கள். இயந்திரத்தில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவராயின், அன்றைக்கே பல்லைப் பிடுங்குதல் தகாது. இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள். மறுநாளே உகந்தது. பல் நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் இபுபுரோபன், டைக்குளோபினக் முதலியவை சிறுநீரகத்துக்குக் கேடு. பரசிற்றமோலே வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்வது.

மாற்றியபின் முதல் மூன்று மாதம், ஆறு மாதம் என்போரும் உளர், அவசரமற்ற பல் வேலை எதுவும் செய்வதில்லை. அடக்கும் மருந்தின் அளவு அக்காலத்திலேதான் மிகுதி. பிறகும் பல் வைத்தியரிடம் போகும்போது, விழுங்கும் குளிசைகள் அத்தனையின் பெயரையும் எழுதிக் கொண்டுபோதல் வேண்டும். எரித்திரோமைசின், கிளாரித்திரோமைசின், வாய்ப் பூஞ்சணத்துக்குப் பூசும் மைக்கொனசோல் ஆகியவை சைக்குளோஸ்பொரின், தக்ரோலிமஸ் என்னும் மருந்துகளை இரத்தத்தில் மிகையாக்கிவிடும். மிகையானால் அவை காக்கவந்த சிறுநீரகத்தையே கெடுக்கும்!

சைக்குளோஸ்பொரின் 1980களில் வழக்குக்கு வந்து எத்தனையோ பேரை வாழவைத்த மருந்து. ஆயினும் சிலருக்கு அதனால் முரசு தடித்து வளர்ந்து பல்லை மூடத் தொடங்கும். இரத்த அழுத்தத்துக்கு நிபெடிப்பீன் அல்லது அம்லோடிப்பீன் எடுப்போரிடம் இது கூடும்; பல் துலக்காத வாயில் இன்னும் கூடும். சிரிக்கவே கூசி வாயைப் பொத்திக்கொள்ளும் இளம் பெண்ணின் துயரைச் சிறிதென்று நாம் கருதவில்லை. தக்ரோலிமஸுக்கு மாற்றினால் முரசு வற்றலாம். மிஞ்சியதை வெட்டியும் எடுக்கலாம். ஆனால் அதனைத் தீர்மானிப்பவர் சிறுநீரக வைத்தியரே. வெட்கத்தினால் தானாகவே குளிசையை நிறுத்துபவர் சிறுநீரகத்தை இழக்க நேரிடும்.

இனி, எமது வீடுகளின் வெற்றிலைத் தட்டம். மூத்தோர் கோபிக்கலாகாது. பாக்கு புற்றுநோய்க்கு ஏதுவென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்டிருக்கிறது. காவற்படை அடங்கிய உடலில் உதட்டிலும் வாயிலும் புற்றுநோய் தோன்றும் அபாயம் முன்னரே அதிகம். அதன்மேல் பாக்கும் புகையிலையும் எதற்கு? இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, நாவிலே வெண்படலமோ கண்டால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் காட்டுதல் வேண்டும். கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.