இயேசு நுழைந்த வீடுகள்



நம் குடுமியான்மலைப் பக்கம் ஓட்டு வீட்டை ஒட்டியே மாடி வீடு எழும்புகிறது. ஒருவருக்குத் திண்ணையும் முற்றமும் பிடிக்கின்றன. மற்றவருக்குக் கண்ணாடி சன்னலும் கிரானைட் தரையும். அருகிலுள்ள செட்டிநாட்டிலோ பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக அரண்மனை போன்ற வீடுகள். விருப்பம் பலவிதம், அதில் பாவமில்லை.

இயேசு, மாமியார் காய்ச்சலாய்க் கிடந்த மீனவர் பேதுருவின் வீட்டுக்கும் போனார். எரிகோவில் செல்வரான சக்கேயுவின் வீட்டிலும் தங்கினார். வீட்டின் அளவை அவர் பார்க்கவில்லை. சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்ததைப் பார்த்தார்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்னவரும் அவரே (லூக்கா 14:28). நாமோ, அண்ணன் ஒரு மாடி எழுப்பினால், நகையை அடகு வைத்து இரண்டு மாடி எழுப்புகிறோம். வீடு மந்திரிக்கும் நாளில் அந்த அண்ணனுக்கே அழைப்பில்லை. பிறகு வட்டி கட்ட வழியில்லாமல், புது வீட்டில் உறக்கமின்றிப் புரளுகிறோம்.

நம் விருப்பப்படி, நம் வசதிக்குள் கட்டுவோம், போட்டிக்காக வேண்டாம். கட்டி முடித்ததும், நம்மோடு பேசாதிருக்கும் உறவை முதல் விருந்தாளியாக அழைப்போம். அவரோடு இயேசுவும் உள்ளே வருவார். ஆமென்.