வலி மாத்திரையும் வயிற்றுப் பிள்ளையும்

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



என் பிழை ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சில வருஷத்துக்கு முன் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருவர் கொழுந்து நிறுத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஐயா, இடுப்பு ஒடையுது. ஒரு மாத்திரை இருந்தா குடுங்க" என்றார். என் முழங்கால் வலிக்கு டாக்டர் தந்த டைக்ளோபெனாக் லாச்சியில் கிடந்தது. பாவம் என்று இரண்டு கொடுத்தேன். அவர் வாயில் போடுமுன் மருத்துவமாது கண்டு, வாங்கி வைத்துக்கொண்டார். அன்று அவர் சொல்லித் தந்ததைத்தான் சொல்லுகிறேன்.

வயிற்றுப் பிள்ளைக்கு வேண்டிய பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியாகப் போகிறது. அதற்கு நுரையீரல் வேலை இன்னும் இல்லை. ஆகவே இருதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. நம் மலையில் குறுக்குப் பாதை மாதிரி. நுரையீரலுக்குப் போகவேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி அதன் வழியாக உடம்புக்குப் போய்விடும். பிள்ளை பிறந்து மூச்சு விட்டதும், இரண்டு மூன்று நாளில் அந்தப் பாதை தானாக மூடும்.

அதுவரை அதைத் திறந்து வைப்பது புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி உண்டாவதிலும் அதற்குப் பங்குண்டு. டைக்ளோபெனாக், இபுபுரோபன் மாத்திரைகள் அதைக் குறைத்துத்தான் வலியைத் தணிக்கின்றன. தாய் விழுங்கியது பிள்ளைக்கும் போகும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு, குழாய் நேரத்துக்கு முன்பே சுருங்கலாம். இருதயத்துக்குப் பாரம் கூடும். பிறந்த பிள்ளை மூச்சுத் திணறலாம். 20 வாரத்துக்குப் பிறகே பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பனிக்குடத் தண்ணீர் குறையலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020ல் எச்சரித்தது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் குழாய் மூடாவிட்டால், ஆஸ்பத்திரியில் இதே இபுபுரோபனைக் கொடுத்து மூடுவதும் உண்டு. வெளியே வந்த பிள்ளைக்கு மருந்து, உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து.

அப்போ வலிக்கு என்ன செய்வது? பனடோல் போதுமா, எத்தனை என்று கிளினிக்கில் கேளுங்கள். கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்காதீர்கள். வீட்டுக்காரருக்குக் கொடுத்ததைக் குடிக்காதீர்கள். தெரியாமல் குடித்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள். ஆனால் பிரஷருக்காக டாக்டர் எழுதிய சிறு அளவு அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. விறகுக்கட்டையும் தண்ணீர்க்குடத்தையும் நீங்கள் தூக்குங்கள். பாதி வலி அதிலேயே குறையும்.

அந்தத் தாயின் மகள் இன்று பாடசாலைக்குப் போகிறாள். அவளைக் காணும்போதெல்லாம் அந்த இரண்டு மாத்திரை எனக்கு ஞாபகம் வரும்.