அயலூர் மாணவனின் அடுப்பு



கல்வியின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த ஒரு வித்தியார்த்தி, கையிலுள்ள சொற்பப் பணத்தில், தேகம் மெலியாமலும் மனம் சோராமலும் மூன்று வேளையும் நன்றாக உண்டு வாழ்வதை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன். அந்தக் கலை நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வரும் ஊர்களில் மைசூர் ஒன்று. 1876-இல் சமஸ்கிருதக் கல்லூரியும் 1916-இல் பல்கலைக்கழகமும் தோன்றி, வெளியூர்ப் பிள்ளைகளை இந்நகரத்துக்கு ஈர்த்த காலந்தொட்டு, அவர்கள் எங்கே உண்பது என்ற கேள்வியும் இங்கே கூடவே வளர்ந்து வந்திருக்கிறது.

பழைய விடை வாரான்னம். திங்களன்று ஒரு வீடு, செவ்வாயன்று மற்றொரு வீடு என ஏழு இல்லங்கள் ஓர் ஏழை மாணவனைப் பங்கிட்டுக்கொண்டு சோறிட்ட அவ்வழக்கம், தமிழ்நாட்டில் வாரச் சாப்பாடாக இருந்ததேதான். அதன் தருமத்தை வணங்குகிறேன். ஆயினும் அது பெரும்பாலும் அவரவர் சாதி எல்லைக்குள்ளேயே நின்றது என்பதையும், உண்பவன் பிறர் முகக்குறிப்பைப் பார்த்தே உண்ண வேண்டியிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. மற்றொரு விடை விடுதி. 1941-இல் சுத்தூர் வீரசைவ மடத்து ஸ்ரீ சிவராத்ரி ராஜேந்திர சுவாமிகள் மைசூரில் இலவச மாணவர் விடுதியைத் தொடங்கினார்கள். அதை நடத்தப் பொருள் போதாதபோது தமது பொன்னாலான இலிங்கப் பேழையையும் கொடுத்துவிட்டார்கள் என்று மடத்து அன்பர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்வதுண்டு.

விடுதி கிடைக்காதவன் இரண்டு மூன்று தோழர்களோடு ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஓர் அடுப்பையும் ஒரு குக்கரையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான். அவனுக்கு இந்தப் பிரதேசத்துக் கிராமத்துச் சமையலைப் போன்ற ஆசிரியர் வேறில்லை. பஸ்ஸாரு என்னும் குழம்பையே எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பையோ பச்சைப்பயற்றையோ கீரையோடு வேகவைத்து, வெந்த நீரை வடித்து, அந்நீரில் வெங்காயமும் பூண்டும் மிளகாயும் சீரகமும் சிறிது தேங்காயும் அரைத்துவிட்டுப் புளி கூட்டிக் கொதிக்கவைத்தால் குழம்பு ஆயிற்று. வடிகட்டியில் நின்ற பருப்பையும் கீரையையும் தாளித்தால் பொரியலும் ஆயிற்று. ஒருமுறை வேகவைத்ததில் இரண்டு பதார்த்தங்கள். சத்துக் கரைந்த நீரில் ஒரு துளியும் வீணாவதில்லை. இதனோடு ராகி முத்தெ, அதாவது நம் கேழ்வரகுக் களி, ஓர் உருண்டை இருந்தால், மாலை வரையில் பசி அண்டாது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஏழையின் உணவென்று இகழப்பட்ட இதைவிட மேலான மாணவ போஜனத்தை நான் அறியேன்.

இந்த அனுபவ ஞானத்துக்கு விஞ்ஞானத்தின் சம்மதமும் இவ்வூரிலேயே கிடைத்திருக்கிறது. 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன் காலத்தில், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கும் கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் கலந்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்த பல்நோக்கு உணவு ஒன்றைத் தயாரித்தார்கள். விலை குறைந்த புரதத்தை ஏழைக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். களியும் பயறும் அதே வேலையைச் செய்கின்றன. தானியத்தில் குறைவாயுள்ள லைசீன் என்னும் புரதக் கூறு பருப்பில் மிகுதி; பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் என்னும் கூறு தானியத்தில் உண்டு. ஆகவே இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

கடல் கடந்தவர்களுக்கும் தாமே சமைத்துக்கொள்வதே வழி. 1888-இல் லண்டனுக்குச் சட்டம் பயிலச் சென்ற காந்தியடிகள், செலவைக் குறைக்க ஓர் அறையும் ஓர் அடுப்புமாகத் தங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், இரவில் ரொட்டியும் கோகோவும் தாமே செய்துகொண்டு, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் சாப்பாட்டை முடித்துக்கொண்டதைச் ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். அந்நாட்டில் கிடைத்ததை, புலால் உண்பதில்லை என்ற தம் விரதத்துக்குப் பொருந்தியவரையில் ஏற்றுக்கொண்டார் என்பதே அதில் என்னைக் கவர்ந்த அம்சம். அயல்நாட்டில் பணத்தையும் உடம்பையும் ஒருங்கே இழப்பவன், வீட்டுச் சுவையை அங்கே அப்படியே விலைக்கு வாங்க முயல்பவனே. உதாரணமாக, ஜெர்மனியில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் மலிவு. நாம் மைசூர்ப் பருப்பு என்று வழங்கும் சிவந்த பருப்பு அங்குள்ள துருக்கியர் கடைகளில் கிடைக்கும். பஸ்ஸாரு செய்யத் தெரிந்தவனுக்கு அங்கும் பட்டினி இல்லை.

பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பவிருக்கும் பெற்றோருக்கு என் விண்ணப்பம் இது: ஊறுகாயும் பருப்புப்பொடியும் பெட்டியில் கட்டிக் கொடுங்கள்; ஆனால் அதற்கு முன் ஒரு மாதமாவது, ஆண்பிள்ளையென்று விலக்காமல், அவர்களையே சந்தைக்குப் போய் விலை விசாரித்துக் காய் வாங்கி வரச் சொல்லி, அன்றாடச் சமையலையும் அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள்.