ஊர் ஒத்துக்கொள்ளவில்லையா?

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளிவந்து வாழும் நாம், ஊரிலுள்ள உறவினருக்குச் சொல்லும் செய்திகளில் ஒன்று மட்டும் தவறுவதே இல்லை. "இந்த ஊர்ச் சீதோஷ்ணம் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பதே அது. ஓர் ஊரின் சீதோஷ்ணம் தற்செயலாய் அமைவதன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறியாதிருப்பது சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

முதற் காரணம் கதிரவன். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலப் பகல் குறுகுகிறது. வெயிலும் சாய்ந்து விழுகிறது. சென்னை 13ஆம் பாகையில் இருக்கிறது; டில்லியோ 28 பாகையையும் தாண்டியது. டிசம்பர் இறுதியில் சென்னையில் பகற்பொழுது ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். டில்லியில் அது 10 மணி 20 நிமிடமே.

பாகை ஒன்றே காரணமாயின், பெங்களூரும் சென்னையும் ஒன்றுபோல் காய வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாகையில் உள்ளவை அன்றோ? ஆனால், பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். 1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சராசரியாக 6 அல்லது 7 டிகிரி குறையும். அங்கு வாழும் நம்மவர் துய்க்கும் குளிர்ச்சி, அந்த உயரம் தந்த கொடை.

மூன்றாவது காரணம் கடல். நீர் மெல்லச் சூடேறும், மெல்லவே ஆறும். ஆதலின், கடலை அடுத்த ஊர்களில் குளிருக்கும் வெப்பத்துக்கும் இடையே உள்ள தொலைவு குறைவு. சென்னையில் ஜனவரி இரவிலும் சராசரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள டில்லியிலோ அது 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது; மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தொடுகிறது.

இனி மலைகளைக் காண்போம். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலை மீது ஏறுகையில் குளிர்ந்து மழையாகிறது. மலைக்கு இப்பால் உள்ள பம்பாய் நனைகிறது. அப்பால் உள்ள பூனாவுக்குக் கிடைப்பது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. வடக்கே இமயமலை, நடு ஆசியாவின் கடுங்குளிர்க் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அம்மலை இல்லையேல் வட இந்தியாவின் குளிர் இன்னும் கொடிதாக இருக்கும்.

இவற்றை அறிவதால் நமக்கு என்ன பயன்? டில்லிக் கோடையில் மேற்கிலிருந்து வீசும் 'லூ' என்னும் அனல்காற்றை எண்ணிப் பாருங்கள். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை உடலிலேயே தங்குகிறது. நீர் அருந்தும் நினைவு வருகிறது. இங்கே வறண்ட காற்றில் வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லையென்று நாம் ஏமாறுகிறோம். உடலோ நீரை இழந்துகொண்டே இருக்கிறது. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் முதிய பெற்றோர் தாகம் என்று கேட்கும்வரை காத்திருத்தல் கூடாது. வேளைதோறும் நீரும் மோரும் கொடுத்து வர வேண்டும். நண்பகலில் அவர்களை வெளியே அனுப்பலாகாது.

குளிர்காலத்திலும் எச்சரிக்கை வேண்டும். இத்தகைய குளிரை அறியாத நம்மவருள் சிலர், கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, 'அங்கீட்டி' என்னும் கரியடுப்பை அறைக்குள் மூட்டி உறங்கிவிடுகின்றனர். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். கம்பளி எத்தனை வேண்டுமானாலும் போர்த்துக்கொள்வோம். உறங்கும் அறையில் கரியடுப்பு வேண்டவே வேண்டாம்.

காவிரிக் கரையில் பழகிய பழக்கம் யமுனைக் கரைக்கு அப்படியே பொருந்திவிடாது. ஊர் நமக்கு ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திராமல், அவ்வூரின் வெயிலையும் காற்றையும் அறிந்து அவற்றிற்கு ஒத்து வாழ்வோமாக.